நொட்டாங்கையில் விழுந்த தேங்காய்

பாஸ்கட்பாலில் உலகத்திலேயே பெரிய பாயிண்ட் கார்டு யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். என் வீட்டுக்காரரின் சிநேகிதர்கள் விடிகாலையில் எழுந்து அமெரிக்க ஆட்டங்களைப் போனில் பார்த்துவிட்டு, டீக்கடையில் நின்று அதற்காகவே சண்டை போடுவார்கள். எங்கள் அப்பாவுக்கு அந்த வம்பெல்லாம் கிடையாது. அவருடைய உலகம் ராஜபாளையத்தில் ஆரம்பித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் முடிந்துவிடும். பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கி, சன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்வதற்குள் வந்துவிடுகிற உலகம். அதில் பெரிய பாயிண்ட் கார்டு அவர்தான். ஒரே ஒரு சிக்கல், ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொருவர் இருந்தார், அவரும் தன்னைத்தான் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த இன்னொருவர் இப்போது என் மாமனார்.

சிரிக்காதீர்கள். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பாஸ்கட்பால் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். அதில் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, யாருக்குக் கொடுத்தால் கூடையில் விழும் என்று முடிவெடுக்கிறவர் பாயிண்ட் கார்டு. கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி. அவர் சாப்பிட்டாரா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், ஆனால் அவர் இல்லாவிட்டால் ஓர் இலைக்கும் சாம்பார் வராது. பெரும்பாலும் அணியிலேயே குட்டையானவருக்குத்தான் அந்த இடம் கிடைக்கும். அப்பா குட்டை. என் மாமனார் அவரைவிட ஒரு விரற்கடை குட்டை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்பாவுக்கு என்றைக்கும் மனக்குறை இருந்ததில்லை.

எங்கள் ஊரில் கோடை பிறந்தால் மாம்பழமும் பாஸ்கட்பால் போட்டியும் ஒன்றாக வந்துவிடும். மில்லில் ஷிப்ட் முடித்தவர்கள் தலையில் பஞ்சோடு அப்படியே மைதானத்துக்கு வருவார்கள். அப்பாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தைய கோடையில், இறுதி ஆட்டம் எங்கள் ஊருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும். ஆட்டம் முடியப் போகிறது, எங்கள் ஊர் ஒரே ஒரு பாயிண்ட் பின்னால் நிற்கிறது, பந்து அப்பா கையில். வலப்பக்கமாக வெட்டி உள்ளே புகுந்து, கூடையைப் பார்த்து எழும்பினார். குறுக்கே அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் வந்தார். பந்து போய்விட்டது. விசில் ஊதவில்லை. ஒரு பாயிண்டில் தோல்வி.

அப்பா சொல்கிற கதைப்படி அது பச்சை ஃபவுல். முழங்கையால் விலாவில் இடித்தார்கள். எறியப் போகிறவரை இடித்தால் இரண்டு ஃப்ரீ த்ரோ தர வேண்டும், அதாவது யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று இரண்டு முறை எறிகிற வாய்ப்பு. இரண்டையும் போட்டிருந்தால் கோப்பை எங்களுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கதைப்படி அவர் பந்தை மட்டும்தான் தொட்டார், அப்பாவின் மேல் காற்றுகூடப் படவில்லை. நடுவர் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்கு மட்டும் மழை இருட்டிக்கொண்டு வந்தால் விலா வலிக்கும். அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வடகிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிற திசையை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் துணி எடுக்க மாடிக்குப் போவார்.

நான் பிறந்தேன். ஒரே பிள்ளை. நடக்க ஆரம்பித்ததும் என் இடது கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்களாம். எங்கள் பக்கம் வலது கையைச் சோத்தாங்கை என்போம், சோறு சாப்பிடுகிற கை. இடது கை நொட்டாங்கை. அந்தக் கையால் எதையும் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது, நல்ல காரியத்தில் அது இருப்பதையே காட்டிக்கொள்ளக் கூடாது. அப்பாவோ என் சோத்தாங்கையைத் துண்டால் இடுப்போடு கட்டிவிட்டு, நொட்டாங்கையால் மட்டும் பந்தைத் தட்டச் சொல்வார். பல் தேய்க்க நொட்டாங்கை, குழாய் திறக்க நொட்டாங்கை, கதவு, குடை, சீப்பு எல்லாம் நொட்டாங்கை. அம்மா சோற்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டில் அந்தக் கை பட்டால் கரண்டி பறக்கும்.

பக்கத்து வீட்டு மாமா தெலுங்குக்காரர், அப்பாவோடு ஒரே அணியில் ஆடியவர். நான் வாசலில் பந்து தட்டும்போதெல்லாம் அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்று "எடம, எடம" என்று கத்துவார். தெலுங்கில் இடப்பக்கம் என்று அர்த்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டால் என் நொட்டாங்கை தன்னால் எழும்பிவிடும், நான் தூங்கிக்கொண்டிருந்தாலும்.

இதனால் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. கடைக்காரர் நொட்டாங்கையால் நீட்டினால் காசையே வாங்க மாட்டார். கோயிலில் குங்குமத்துக்கு அந்தக் கையை நீட்டிவிட்டு அம்மாவிடம் பொது இடத்தில் வைத்துக் குட்டு வாங்கியிருக்கிறேன். ஏன்ப்பா இப்படி என்று கேட்டால், நல்ல ஆட்டக்காரிக்கு ரெண்டு கையும் வேணும் என்பதோடு முடித்துக்கொள்வார். நானும் நம்பினேன். கல்லூரியில் பாயிண்ட் கார்டாக ஆடும்போது என்னை மறிக்க வந்தவர்கள் எல்லாரும் வலப்பக்கம் காத்திருப்பார்கள், நான் இடப்பக்கம் போய்விடுவேன். அப்போது வரும் பாருங்கள் ஒரு சந்தோஷம், அதைச் சொல்ல எனக்குப் பேச்சு போதாது.

என் வீட்டுக்காரரை முதலில் பார்த்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு போட்டியில், ஸ்கோர் எழுதுகிற மேசையில். போலீஸில் ஆயுதப்படைக்காரர், லீவுக்கு வந்திருந்தார். துப்பாக்கியைப் பிடிப்பார், பந்தைப் பிடிக்க வராது. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். அவருடைய அப்பா வெறுத்துப்போய், மைதானத்துப் பக்கமாவது உட்காரட்டும் என்று அந்த மேசையில் உட்கார வைத்திருந்தார். நான் போட்ட இரண்டு கூடையை வேறொருத்தி கணக்கில் எழுதிவிட்டார் என்று தெரிந்து சண்டைக்குப் போனேன். நிமிர்ந்து பார்த்து, உங்க கையையே பாத்துக்கிட்டு இருந்தேன், பேர் மாறிப்போச்சு என்றார். அப்புறம் என்ன சண்டை போடுவது?

அவருடைய அப்பா அன்றைக்கு மைதானத்தில் இல்லை. பெண் பிள்ளைகள் ஆட்டத்தை அவர் பார்ப்பதில்லை, சாயங்காலம் ஆண்கள் ஆட்டத்துக்குத்தான் வருவார். அந்தத் திமிருக்குப் பின்னால் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் அப்போது எங்கள் இருவருக்கும் இந்தப் பழைய கதையில் எதிரே நின்றவர் யார் என்று தெரியாது. என் வீட்டுக்காரருக்கு அது ‘ராஜபாளையத்துக்காரன் ஒருத்தன்’, எனக்கு ‘அந்த வில்லிபுத்தூரான்’. வீட்டில் சொன்னோம். சாதகம் பொருந்தியது, அம்மாக்கள் போனில் பேசினார்கள், புகைப்படங்கள் வந்தன, போயின. அப்பாக்களின் புகைப்படத்தை யார் அனுப்பப் போகிறார்கள்?

பெண் பார்க்க வந்த அன்று மாமனார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே உள்ளேயிருந்து வந்தார். இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அப்பாவின் கை விலாவுக்குப் போனது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மாமனாரோடு அவருடைய அக்காவும் வந்திருந்தார். கூமாப்பட்டியில் வாக்கப்பட்டவர், தோப்பும் வயலும் உள்ள வீடு, சகுனம் பார்க்காமல் வெந்நீர்கூட வைக்க மாட்டார். முன்னால் என் வீட்டுக்காரருக்குப் பார்த்த ஒரு சம்பந்தம், அந்த வீட்டில் பால் திரிந்ததைப் பார்த்து இந்த அக்கா எழுந்து போனதோடு நின்றுபோயிருந்தது. அதனால் அம்மா அடுப்படியில் வைத்து, "ஏட்டி, காப்பித் தட்டை ரெண்டு கையாலயும் பிடி. அந்த நொட்டாங்கையை மட்டும் தனியா நீட்டிராத, ஒன் கால்ல விழுதேன்" என்றாள். நான் இரண்டு கையாலும் பிடித்தேன். அந்த மட்டில் தப்பித்தேன்.

கூடத்தில் ஆண்கள் தப்பிக்கவில்லை. காப்பி ஆறுவதற்குள் பேச்சு அந்தக் கோடைக்குப் போய்விட்டது. அப்பா கேசரிக் கிண்ணத்தைக் கூடையாக வைத்து, டம்ளர்களை ஆட்டக்காரர்களாக நிறுத்தி, பஜ்ஜியைப் பந்தாக்கி விளக்கினார். மாமனார் தன் டம்ளரை எடுத்து, நான் நின்னது இங்கன என்று தள்ளி வைத்தார். அப்பா அதைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார். டம்ளர் போனது, வந்தது. கடைசியில் மாமனார் எழுந்து தோளில் துண்டைப் போட்டார்.

"உமக்கு சோத்தாங்கை மட்டும்தான்யா. நொட்டாங்கை வரவே வராது. அது தெரிஞ்சுதான் அந்தப் பக்கமா நின்னேன். இடிச்சு என்னத்துக்கு ஆகப்போவுது?"

அப்பா பஜ்ஜியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். என் கல்யாணம் போயே போய்விட்டது என்று நினைத்தேன். அழுகைகூட வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு பந்துக்காகப் பெற்ற பிள்ளைகளை அந்தரத்தில் விடுவார்களா?

காப்பாற்றியது இரண்டு அம்மாக்கள்தான். ஒருத்திக்கும் பாஸ்கட்பாலில் தலைகால் தெரியாது, ஆனால் இரண்டு பேரும் கல்யாணமான நாளிலிருந்து அதே ஆட்டத்தைக் காதால் கேட்டே காது புளித்தவர்கள். அடுப்படியில் செத்த நேரம் பேசி, வெளியே வந்து தீர்ப்பு சொன்னார்கள். கல்யாணம் நடக்கும். ஆனால் தாலி ஏறுகிற வரை இரண்டு ஆண்களும் பந்து என்ற வார்த்தையை வாயில் எடுக்கக் கூடாது.

எடுக்கவில்லை. எடுக்காமல் அவர்கள் பட்ட அவஸ்தையைப் பார்க்க வேண்டுமே. போனில் மழையைப் பற்றிப் பேசுவார்கள், பால்கோவாவைப் பற்றிப் பேசுவார்கள், செண்பகத்தோப்புப் பக்கம் யானை இறங்கியதைப் பற்றிப் பேசுவார்கள், பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். எத்தனை பந்தி என்று கேட்கவே பயந்து, எத்தனை தடவை இலை போடணும் என்று சுற்றி வளைத்தார் அப்பா. சம்பந்தி என்று கூப்பிடவும் தயக்கம், அதற்குள்ளும் பாதிப் பந்து இருக்கிறதே. அந்த நாட்களில் நானும் என் வீட்டுக்காரரும் போனில் பேசியதைவிடச் சிரித்ததுதான் அதிகம்.

நிச்சயதார்த்தம் எங்கள் ஊர் மண்டபத்தில். மேளம், பன்னீர், எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. முகூர்த்தப் பத்திரிகை வாசித்து முடித்ததும் தட்டு மாற்ற வேண்டும். முதலில் அப்பா எங்கள் தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, பழம், பூ, புடவை, எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் தடவிய தேங்காய். எதிரே மாமனார். இரண்டு குட்டை மனிதர்கள், பட்டு வேட்டியில், ஒரு கை தூரத்தில் நேருக்கு நேர். அந்தக் கோடைக்குப் பிறகு அவ்வளவு பக்கத்தில் அவர்கள் நின்றதில்லை.

அந்த நேரத்தில் மாமனார் உதட்டை அசைக்காமல் ஏதோ சொன்னார். நேராகத் தருவீரா, இல்லை வழக்கம்போல சோத்தாங்கைப் பக்கமா என்று கேட்டாராம். பின்னால் நின்ற தெலுங்குக்கார மாமா காதில் விழுந்து, பிறகு எங்களுக்குச் சொன்னார். அப்பாவின் முழங்கால் லேசாக மடங்கியதை நானே பார்த்தேன். கண் வலது பக்கம் போனது. தட்டும் வலது பக்கம் போவது போலப் போய், சட்டென்று திரும்பியது. வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. பழகிய உடம்பு செய்துவிட்டது. எதிரே இருந்ததும் பழகிய உடம்புதானே, அதுவும் பறிக்கக் கையை வீசியது. தட்டு சாய்ந்தது. வெற்றிலை சிதறியது. தேங்காய் எகிறிப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பறந்தது.

அது தரையில் விழுந்து உடைந்தால் மாமனாரின் அக்கா, அந்தக் கூமாப்பட்டிக்காரர், எழுந்து போய்விடுவார், அவரோடு அந்த வீடே எழுந்துவிடும். மண்டபத்தில் அது தெரியாதவர் ஒருவரும் இல்லை. மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எடம!"

நான் யோசிக்கவே இல்லை. பட்டுப் புடவையோடு இடப்பக்கம் பாய்ந்தேன். வளையல் எல்லாம் முழங்கைக்கு ஏறிவிட்டது, பூ ஒரு பக்கம் தொங்கியது, தேங்காய் மட்டும் கையில் வந்து கச்சிதமாக உட்கார்ந்தது. என் சித்தி மகள் போனில் எடுத்த வீடியோ இருக்கிறது, வேண்டுமென்றால் மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கலாம். அந்த ஒரு கணம் எனக்குத் தலைகால் புரியாத குதூகலம், கல்யாணப் பெண் என்பதையே மறந்து தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். நாலைந்து பேர் கைகூடத் தட்டிவிட்டார்கள்.

கூமாப்பட்டிக்காரர் கை தட்டவில்லை. "நொட்டாங்கைல வாங்கிட்டாளே" என்றார்.

தட்டிய கைகள் நின்றன. நல்ல காரியத்துத் தேங்காய், அதை நான் எந்தக் கையால் தூக்கிப் பிடித்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. கீழே வைக்கவும் முடியாது, கை மாற்றினால் இன்னும் கேவலம். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், அவ்வளவுதான், முடிந்தது என்று இருந்தது.

மாமனார் மெதுவாக என்னிடம் வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்தார். மணிக்கட்டை, விரலை, தேங்காயை அது பிடித்திருந்த விதத்தை. பிறகு அப்பா பக்கம் திரும்பி, எப்போதிருந்து என்று மட்டும் கேட்டார். அவள் நடக்க ஆரம்பித்ததிலிருந்து என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. சோத்தாங்கையைக் கட்டிய துண்டு, குழாய், குடை, சீப்பு, வாங்கிய குட்டு எல்லாம். நல்ல ஆட்டக்காரிக்காக அல்ல. அந்த மனிதர் மறித்து நின்ற வலப்பக்கத்தை விட்டு, இடப்பக்கமாக ஒரு தடவையாவது அவரைத் தாண்ட வேண்டும் என்பதற்காக. தன்னால் முடியாததை என் கையில் வைத்திருந்தார் அப்பா.

மாமனார் தன் அக்காவைப் பார்த்தார்.

"யக்கா, இந்தக் கை எனக்காக வளத்த கை. வேற எந்த வீட்டுக்குப் போவும்?"

பிறகு மாமனார் என்னிடம் இரண்டு கையையும் நீட்டினார். "தேங்காயைக் குடும்மா. அந்தக் கையாலயே குடு."

கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மேளக்காரர் யாரும் சொல்லாமலே கெட்டி மேளம் மாதிரி ஒன்றைத் தொடங்கிவிட்டார். கூமாப்பட்டிக்காரரும், தேங்காய் தரையைத் தொடவில்லை, அது நல்ல சகுனந்தான் என்று அறிவித்தார். இப்போது கூமாப்பட்டி முழுக்க அந்த வீடியோவைக் காட்டுவது அவர்தான்.

சிதறியதை எல்லாம் பொறுக்கி மறுபடி தட்டு மாற்றினார்கள். இந்த முறை அப்பா நேராகக் கொடுத்தார். வாங்கும்போது மாமனார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"அன்னைக்கு இடிச்சேன். நெசந்தான்."

அப்பா விலாவைத் தொட்டுக்கொண்டார். கோபப்படுவார் என்று பார்த்தால், முகமெல்லாம் பல். "அப்ப எனக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ பாக்கி" என்றார்.

அம்மாக்கள் போட்ட தடை அங்கேயே காற்றில் பறந்தது. சாப்பிட்ட கை காய்வதற்குள் மொத்தக் கூட்டமும் மைதானத்தில். மேற்கே மலை, அதன் மேல் இறங்கும் வெயில், பட்டுப்புடவைகள், வேட்டிகள், வாயெல்லாம் வெற்றிலை. ஸ்கோர் யார் எழுதுவது என்றதும் எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக் கோட்டில் நின்றார். தெலுங்குக்கார மாமா பந்தைக் கொடுத்தார்.

முதல் பந்து, வலது கை. வளையத்தைக்கூடத் தொடாமல் வலைக்குள் இறங்கியது. எங்கள் ஊர்க்காரர்கள் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கை எல்லாம் எழும்பிவிட்டது. ஒரு பாயிண்டில் தோற்ற ஆட்டம் இப்போது சமம். இன்னொன்று விழுந்தால் அந்தக் கோப்பை எங்களுக்கு. மாமனார் கையைக் கட்டிக்கொண்டு வளையத்துக்குக் கீழே நின்றிருந்தார், முகம் வாடிப்போயிருந்தது.

அப்பா பந்தைத் தரையில் தட்டினார். அவரைப் பார்த்தார். பிறகு பந்தை இடது கைக்கு மாற்றினார்.

எறிந்தது கூடைக்குப் பக்கத்திலேயே போகவில்லை. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது, நானும்தான். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. ஓடிப் போய்ப் பந்தை எடுத்து, பட்டுத் துண்டால் மண்ணைத் துடைத்துக்கொண்டே அப்பாவிடம் வந்தார்.

"உமக்குத்தான் நொட்டாங்கை வராதே, சம்பந்தி" என்றார்.

"தெரியும்" என்றார் அப்பா.